வாசகர் கேள்வி பதில்: பிஸ்டலுக்குப் பிடங்கு பூட்ட முதல்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளும் மருமக்களும் சட்டப்படி வாங்கிய பிஸ்டலைக் குட்டைக் குழல் ரைபிளாகப் பதிவது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தருகிறோம். கீழே "சட்டம்" என்று வருவதெல்லாம், வேறாகச் சொல்லாத இடங்களில், அமெரிக்க மத்திய அரசின் சட்டம்.

கோண்டாவில் வாசகர்: டெக்சாஸில் இருக்கும் எங்கள் மருமகன் கிறீன் கார்ட் வைத்திருப்பவர். பத்தரை அங்குலக் குழல் கொண்ட ஏ.ஆர். வகைப் பிஸ்டல் (ஏ.ஆர். 15 ரைபிளின் அமைப்பில் செய்தது) ஒன்று வைத்திருக்கிறார். தோளில் வைக்கும் பிடங்கு ஒன்றை அதில் பூட்டினால் அது வேறு ஆயுதமாகிவிடும் என்கிறார். அதே இரும்பு, அதே குழல். பிறகு எப்படி வேறாகும்?

மருமகன் சொல்வது சரி. சட்டம் இரும்பைப் பார்ப்பதில்லை, எப்படிச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. தோளில் வைத்துச் சுடுவதற்கென அமைத்த, உள்ளே சுருள்வரி வெட்டிய குழல் கொண்ட துவக்கு ரைபிள். ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது குட்டைக் குழல் ரைபிள். ரைபிளில் இருந்து செய்த துவக்கின் முழு நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அதே வகைக்குள் வரும். பிடங்கு இல்லாத பத்தரை அங்குலம் பிஸ்டல். பிடங்கு ஏறிய பத்தரை அங்குலம் பதிவு கேட்கும் ஆயுதம்.

இந்த விசித்திரத்துக்கு 1934 இல் காரணம் இருக்கிறது. அந்த ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டத்தின் வரைவில் பிஸ்டலும் ரிவோல்வரும்கூடப் பதிவுக்குள் இருந்தன. பிஸ்டலைக் கட்டுப்படுத்தினால் ஆட்கள் ரைபிளைக் குறுக்கி வெட்டி உடுப்புக்குள் ஒளிப்பார்கள் என்றுதான் குட்டை ரைபிளையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துவக்குகளைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். குட்டை ரைபிள் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. வேலி காக்க வந்த வயல் போய்விட்டது, வேலி நிற்கிறது. ஆனால் அந்த வேலியை மீறினால் 10 ஆண்டு வரை சிறை. அதனால் "விசித்திரம்தானே" என்று யாரும் இலேசாக எடுக்கக் கூடாது.

சுன்னாகம் வாசகர்: குழலை எங்கிருந்து எங்கே அளப்பது? முன்னால் திருகியிருக்கும் துண்டு கணக்கில் சேருமா?

முதலில் ரவைக் கூடான மகசீனைக் கழற்றி, குழலின் பின்முனையில் ரவை அமரும் அறை வெறுமை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடி, நேரான மரக்கம்பி ஒன்றை வாய்ப்பக்கத்தால் உள்ளே விட வேண்டும். போல்ட்டின் முகத்தில் முட்டி நின்றதும், குழல் வாயின் விளிம்போடு சமமாகக் கம்பியில் பென்சிலால் ஒரு கோடு. கம்பியை இழுத்து எடுத்து, நுனியிலிருந்து கோடு வரை அளந்தால் அதுதான் சட்டம் கேட்கும் நீளம். வெளியில் தெரியும் குழலை அளப்பவர்கள் அறையின் நீளத்தைத் தவறவிட்டு விடுகிறார்கள்.

கழற்றக்கூடிய வாய்த்துண்டு எதுவும் கணக்கில் இல்லை. அதைத் திருகி எடுத்துவிட்டு அளக்க வேண்டும். நிரந்தரமாகப் பொருத்தியது சேரும். நிரந்தரம் என்றால் முழுதாக உருக்கி வெல்டிங் செய்தது, அல்லது 1,100 பாகை பாரனைற்றுக்குக் குறையாத வெள்ளிப் பற்று, அல்லது ஊசி இறக்கி ஊசியின் தலையை வெல்டிங்கால் மூடியது. பசை போட்டு இறுக்கியது நிரந்தரமல்ல. பதினாலரை அங்குலக் குழலில் நீண்ட வாய்த்துண்டை இப்படி ஊசி அடித்து 16 அங்குலம் தாண்டச் செய்தால் பதிவே வேண்டியதில்லை. படிவத்தோடு மினக்கெட விருப்பமில்லாதவருக்கு இது நல்ல வழி. ஆனால் 15.9 அங்குலமும் பத்து அங்குலமும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆதலால் கால் அங்குலமாவது மிச்சம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

முழு நீளம் அளக்கும்போது நீட்டிக் குறுக்கும் பிடங்கை முழுதாக நீட்டி, குழலுக்குச் சமாந்தரமாக அளக்க வேண்டும்.

மானிப்பாய் வாசகர்: பதிவு செய்வது எப்படி? எவ்வளவு செலவு? எங்கே பிழைக்கும்?

ஏ.ரி.எஃப் என்ற மத்திய நிறுவனத்தின் முதலாம் இலக்கப் படிவம், அதாவது 5320.1. ஒன்லைனில் கணக்குத் திறந்து நிரப்பலாம். 1934 இலிருந்து 2025 முடியும் வரை இதற்கான வரி 200 டொலர். தொண்ணூறு ஆண்டு ஒரு சதம்கூட ஏறவில்லை. 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைபிளுக்கு அந்த வரி பூச்சியம். வரிதான் போனது. பதிவும், அனுமதி வரும்வரை காத்திருப்பதும், தண்டனையும் அப்படியே இருக்கின்றன. "வரி இல்லை, இனிப் பூட்டலாம்" என்று வட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி யாரும் திருகாணியைத் தொடக் கூடாது.

படிவத்தோடு போவன: 2 அங்குலச் சதுரப் படம், எஃப்.டி. 258 கைரேகை அட்டை இரண்டு அல்லது அதற்கான மின்கோப்பு, உள்ளூர்ப் பொலிஸ் தலைமைக்கு அனுப்பும் பிரதி. பிரதி அறிவித்தலுக்கு மட்டுமே. 2016 ஜூலைக்கு முன்புபோல் அவரின் கையெழுத்துக்கு அலைய வேண்டியதில்லை. காகித அட்டையில் ரேகை கொடுப்பவர் ஒன்லைனில் சமர்ப்பித்து 10 வேலை நாளுக்குள், முகப்புத் தாளுடன் தபாலில் சேர்க்க வேண்டும். நாள் தவறினால் விண்ணப்பம் திரும்பும். தோட்ட வேலை, சமையல் வேலை செய்பவர்களின் விரல் தேய்ந்திருக்கும். மையில் ரேகை மங்கி நிராகரிக்கப்படுவது வழக்கம். இரண்டு நாள் முன்பிருந்தே கிறீம் பூசி விரலை மிருதுவாக வைத்து, மின்கருவியில் எடுப்பது நல்லது.

பிழை வருமிடங்கள் பெரும்பாலும் மூன்று. "தயாரிப்பாளர்" என்ற கட்டத்தில் விண்ணப்பிப்பவர் தன் பெயரை எழுதுவது முதலாவது: கடையில் வாங்கிய பிஸ்டலென்றால் ரிசீவரில், அதாவது துவக்கின் உடற்பகுதியில், பொறித்திருக்கும் கொம்பனியின் பெயரையே எழுத வேண்டும். தொடரிலக்கத்தில் பூச்சியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றி எழுதுவது இரண்டாவது. மூன்றாவது, ரவை அளவில் "மல்ற்றி", அதாவது பல அளவு, என்று எழுதுவது. ரிசீவரில் அப்படிப் பொறித்திருந்தாலும் படிவத்தில் உண்மையான ஓர் அளவைச் சொல்ல வேண்டும்.

பருத்தித்துறை வாசகர்: அனுமதி வந்ததும் பெயர் பொறிக்க வேண்டுமாம். எங்கள் ஆட்களின் பெயர் நீளமானது. எவ்வளவு பெயர், எவ்வளவு ஆழம்?

குட்டை ரைபிளைச் "செய்தவர்" இப்போது உங்கள் மகன். ஆகவே அவர் பெயர், ஊர், மாநிலம் மூன்றும் உலோகத்தில் பொறிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே உள்ள தொடரிலக்கம், மொடல், ரவை அளவு ஆகியவற்றைத் திரும்பப் பொறிக்கத் தேவையில்லை. ஆழம் 0.003 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 0.076 மில்லிமீற்றர். தொடரிலக்கத்துக்குச் சட்டம் சொல்லும் எழுத்துயரம் 1/16 அங்குலம், ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர், பெயருக்கும் அதையே பிடிப்பது நல்லது.

ஆழத்தில்தான் கள்ளம் நடக்கும். லேசர் அடிக்கும் சில கடைகள் அலுமினியத்தின் மேலிருக்கும் கறுப்புப் பூச்சை மட்டும் எரித்துவிட்டு வெள்ளையாக ஓர் எழுத்தைக் காட்டும். கண்ணுக்கு அழகு, நகத்தால் வருடினால் பள்ளமே தட்டுப்படாது. சுற்றி எழும்பிய விளிம்பில் இருந்து அளந்து "ஆழம் சரி" என்பவர்களும் உண்டு. ஆழம் சமதள உலோகத்தில் இருந்து அளக்கப்படும். எழும்பிய விளிம்பு கணக்கில் இல்லை. 0.004 அல்லது 0.005 கேட்டு அடிப்பித்து, ஆழமானியால் ஓர் எழுத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்துக்கு எங்கள் ஆட்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஓரிடம், அமெரிக்க அட்டையில் வேறிடம், கடைச் சிட்டையில் முன்னெழுத்து மட்டும் என்று மூன்று விதமாக நிற்கும். படிவத்தில் எந்தப் பெயருக்கு அனுமதி வந்ததோ, அதே பெயர்தான் இரும்பிலும் இருக்க வேண்டும். அதனால் பெயர்ச் சிக்கலை விண்ணப்பிக்கும் முன்னரே தீர்த்துக்கொள்ளுங்கள். 1.6 மில்லிமீற்றர் எழுத்து இடைவெளியோடு ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர் அகலம் பிடிக்கும்; 30 எழுத்துப் பெயருக்கு 4 சென்ரிமீற்றர் வேண்டும். மகசீன் நுழையும் பக்கத்தில் அந்த இடம் இராவிட்டால் பெயரை ஒரு வரியிலும் ஊரை மறு வரியிலும் போடலாம். மாநிலத்தின் பெயரைச் சுருக்கி எழுதலாம்.

பொறிப்பது அனுமதி வந்த பிறகு, பிடங்கு ஏறுவதற்கு முன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அலுமினியத்தில் வெட்டிய பெயரை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது.

உரும்பிராய் வாசகர்: பிடங்கை இப்போதே மலிவாக வாங்கி அலுமாரியில் வைத்தால் என்ன? பூட்டாவிட்டால் சரிதானே?

அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் பதில். பூட்டாமல் வைத்திருந்தாலும், அந்தத் துண்டுகளால் குட்டை ரைபிளைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத நிலை என்றால் அதையே வைத்திருப்பதாகக் கொள்ள இடமுண்டு. 1992 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொம்சன் சென்ரர் ஆம்ஸ் வழக்கில் பார்த்தது இதைத்தான். அங்கே கொம்பனி வென்றது, ஏனென்றால் அது பிஸ்டலோடு சேர்த்துக் கொடுத்த பிடங்காலும் நீண்ட குழலாலும் சட்டப்படியான நீண்ட ரைபிளும் செய்யலாம். உங்கள் ஆளிடம் 16 அங்குலக் குழலோடு வேறொரு ரைபிள் இருந்து, அந்தப் பிடங்கு அதற்கும் பொருந்துமென்றால் அவரின் நிலை பலமானது. பிஸ்டல் ஒன்று மட்டும், பிடங்கு ஒன்று மட்டும் என்றால் பலமில்லை. பிடங்குகள் எப்போதும் மலிவாகக் கிடைக்கும்.

அனுமதி வந்தபின் வாங்கும்போது, ரிசீவரின் பின்னால் நீட்டி நிற்கும், பிடங்கு ஏறும் பின்குழாயின் அளவைப் பாருங்கள். இராணுவ அளவு 1.148 அங்குலம், வர்த்தக அளவு 1.168. வித்தியாசம் அரை மில்லிமீற்றர்தான், ஆனால் சிறியதில் பெரியதைப் போட்டால் ஆடும், பெரியதில் சிறியது ஏறவே ஏறாது. பிஸ்டலோடு வரும் பின்குழாய் சில வேளை வழுவழுவென்ற உருளை. அதில் நீளம் பூட்டும் துளைகள் இராது; குழாயையே மாற்ற வேண்டும். மாற்றும்போது, குழாயின் நட்டுக்கும் ரிசீவருக்கும் இடையிலுள்ள பின்தட்டுக்கு அடியில் ஒரு நெல்மணி அளவு ஊசியும் மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும். தட்டைப் பிடிக்காமல் நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் பறந்து எங்கே விழுந்ததென்று தெரியாது. கடைசியில் நட்டின் பள்ளத்துக்குள் தட்டின் விளிம்பைக் குத்தி மடித்துவிட வேண்டும். மடிக்காத நட்டு நூறு இருநூறு வெடிக்குள் தளர்ந்து, பிடங்கோடு சேர்ந்து சுழலும்.

சாவகச்சேரி வாசகர்: கையில் கட்டும் பிரேஸ் போட்டிருந்தால் பதிவு வேண்டுமா?

2023 ஜனவரியில் ஏ.ரி.எஃப் கொண்டுவந்த விதி, பெரும்பாலான பிரேஸ் பிஸ்டல்களைக் குட்டை ரைபிளாக்கியது. 2024 ஜூனில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் அதை முழுதாக நீக்கியது. பிரேஸ் பிரேஸாக இருக்கும்வரை பதிவு இல்லை. பிரேஸைக் கழற்றிப் பிடங்கு போடுகிறார் என்றால் மேலே சொன்னது முழுதும் பொருந்தும்.

கொடிகாமம் வாசகர்: மகனிடம் இருப்பது செக் நாட்டில் செய்து இறக்குமதியான 9 மில்லிமீற்றர் பிஸ்டல். அதற்கும் இதே வழியா?

இதே வழி, ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. இறக்குமதித் துண்டுகளைக் கொண்டு ரைபிள் பொருத்தினால், சட்டம் பட்டியலிட்ட 20 துண்டுகளில் பத்துக்கு மேல் வெளிநாட்டுத் துண்டு இருக்கக் கூடாது. ரிசீவர், குழல், போல்ட், விசை, சுத்தியல், கைப்பிடி, முன்பிடி, பிடங்கு என்று பட்டியல் போகும். மகசீன் மட்டும் மூன்றாக எண்ணப்படும்: உடல், உள்ளே ரவையைத் தள்ளும் தட்டு, அடித்தட்டு. அமெரிக்க மகசீன் ஒன்று போட்டால் ஒரேயடியாக மூன்று குறைவதால் பலர் அந்த வழியில் போகிறார்கள். எங்களுக்கு அது பிடிக்காத வழி. என்றைக்காவது பெட்டியோடு வந்த பழைய செக் மகசீனைச் செருகினால் அந்த நிமிடமே கணக்கு உடையும். விசை, சுத்தியல், கைப்பிடி, பிடங்கு என்று கழற்றாத துண்டுகளை மாற்றிக் கணக்கைச் சரிப்படுத்தினால் எந்த மகசீனும் போடலாம்.

நல்லூர் வாசகர்: மகன் எச் 1 பி விசாவில் இருக்கிறார். அவரும் செய்யலாமா?

எச் 1 பி, மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாம் குடியேற்றமல்லாத விசாக்கள். அவற்றில் இருப்பவர் துவக்கோ ரவையோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். குட்டை ரைபிள் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆயினும் விசா நிலையில் இருப்பவருக்கு ஒரு பிழை சிறையோடு முடியாது, நாடு கடத்தலும் சேரும். கிறீன் கார்ட் கிடைக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: தம்பி பதிவு செய்து வைத்திருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு மாத லீவில் வருகிறார். துவக்கை அங்கே மச்சான் வீட்டில் விட்டுவரலாமா?

கூடாது. பதிவு அவர் பெயரில் மட்டும் என்றால், மச்சானிடம் கொடுப்பது அனுமதியில்லாத கைமாற்றம். பெட்டகத்தில் பூட்டித் திறப்பையும் இலக்கத்தையும் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் மனைவிக்கே அந்த இலக்கம் தெரியக் கூடாது என்பது கேட்கக் கடினமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான். இதற்காகவே பலர் தனிப் பெயரை விட்டு அறக்கட்டளை ஒன்றின் பெயரில் பதிகிறார்கள். அதில் பொறுப்பாளராகச் சேர்ந்த ஒவ்வொருவரும் 5320.23 படிவம், படம், ரேகை கொடுப்பார்கள். பிறகு அவர்கள் எல்லோரும் சட்டப்படி வைத்திருக்கலாம். குடும்பமாக வாழும் எங்கள் ஆட்களுக்கு இதுவே பொருத்தம். அப்படியானால் இரும்பில் பொறிக்கும் பெயரும் அறக்கட்டளையின் பெயர்தான். ஆகவே அதற்கு ஒரு சின்னப் பெயராக வையுங்கள்.

இணுவில் வாசகர்: பிள்ளைகள் வேலை மாறி நியூ ஜேர்சிக்குப் போகிறார்கள். பதிந்த குட்டை ரைபிளைக் கொண்டு போகலாமா?

நியூ ஜேர்சி, நியூ யோர்க், கலிபோர்னியா, ஹவாய் ஆகிய மாநிலங்களில் சாதாரண ஆட்கள் குட்டை ரைபிள் வைத்திருக்க முடியாது. மத்திய அரசின் அனுமதி அங்கே காப்பாற்றாது. அனுமதிக்கும் மாநிலத்துக்குப் போவதானாலும் எல்லை கடக்கும் முன் 5320.20 படிவத்துக்கு அனுமதி எடுக்க வேண்டும், ஒருநாள் பயணத்துக்குக்கூட. நியூ ஜேர்சிக்குப் போகுமுன் பிடங்கை எடுத்துத் திரும்பப் பிஸ்டலாக்கலாம். முதலில் பிஸ்டலாகவே பிறந்த துவக்குக்கு அந்த வழி திறந்திருக்கிறது. ரைபிளாகப் பிறந்தது பிஸ்டலாக முடியாது. அதனால் கடைச் சிட்டையில் "பிஸ்டல்" என்று இருப்பதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாற்றியபின் பதிவை நீக்கும்படி ஏ.ரி.எஃப்புக்குக் கடிதம் எழுதுங்கள். ஆனால் நியூ ஜேர்சியில் அந்தப் பிஸ்டலுக்கும் தனிச் சட்டம் உண்டு, புறப்பட முதல் அங்குள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வட்டுக்கோட்டை வாசகர்: ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் இப்படிப் பதியலாமா?

இரண்டிலும் இல்லை. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துவக்கு வாங்கல் விற்றல் முடக்கம். வெட்டியோ மாற்றியோ 660 மில்லிமீற்றருக்குக் குறைத்த ரைபிள் தடைசெய்த ஆயுதம். பிரித்தானியாவில் குழல் 30 சென்ரிமீற்றருக்கோ முழு நீளம் 60 சென்ரிமீற்றருக்கோ குறைந்த துவக்கு, சில விலக்குகள் போக, தடைசெய்யப்பட்டது.

தெல்லிப்பழை வாசகர்: அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள பழைய சொட்கன் வீட்டில் இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். குழலைக் குறைத்து, தோட்டத்தில் பன்றிக்கு வைத்திருக்கலாமா?

குழலைத் தொடவே வேண்டாம். இங்கே இலங்கையில் நடப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அமெரிக்காவைப் போலப் படிவம் நிரப்பிக் குறைக்கும் வழி அதில் இல்லை. அனுமதிப்பத்திரம் குறித்த ஆளுக்கும் குறித்த துவக்குக்கும் உரியது, வீட்டுக்கு உரியதல்ல. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அப்பாவோடு அது முடிந்துவிட்டது. துவக்கை நீங்களே காவிக்கொண்டு தெருவில் போகாமல், மரண அத்தாட்சிப்பத்திரத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய் அறிவியுங்கள்; அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். பயிர்க் காவலுக்கு உண்மையில் வேண்டுமென்றால் மாவட்டச் செயலகத்தில் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். வீட்டில் மிஞ்சிய தோட்டாக்கள் இருந்தால் அவற்றையும் எண்ணி எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். பழைய தோட்டாவை அடுப்படியிலோ கிணற்றடியிலோ ஒளித்து வைக்க வேண்டாம்.